பச்சையாகிப் போன பைரூஸ்

இரத்தினபுரியில் நீலம் இருக்கிறது, புஷ்பராகம் இருக்கிறது, வைடூரியம் இருக்கிறது. மீட்டியாகொடவில் சந்திரகாந்தக் கல் இருக்கிறது. உலகத்துக்கே கல் கொடுத்த இந்தத் தீவில் கிடைக்காத ஒரு கல்லைத்தான் புத்தளம் கரையின் முஸ்லிம் ஆண்கள் விரலில் போட்டுக்கொண்டார்கள். எங்கள் ஊரில் அதற்குப் பைரூஸ் என்று பெயர். பேரோசா என்பாரும் உண்டு. இப்போதைய கடைகளில் டர்க்கோய்ஸ்.

அது வரண்ட நாட்டின் கல். செம்புத் தாது உள்ள பாறையின் வெடிப்புகளுக்குள் எப்போதாவது பெய்கிற மழையின் நீர் கசிந்து இறங்கும். செம்பையும் அலுமினியத்தையும் பொசுபேற்றையும் அந்த நீர் கரைத்துச் சேர்க்கும். மிக நீண்ட காலத்தில் அது பாறைக்குள் நரம்பு நரம்பாக உறைந்து கல்லாகும். நீலம் செம்பினால் வருவது. இரும்பு சேரச் சேரப் பச்சை கூடும். ஈரானின் நிஷாப்பூர், எகிப்தின் சினாய், அமெரிக்காவின் அரிசோனா, நெவாடா என்று இந்தக் கல் பேர் பெற்ற இடமெல்லாம் வெயில் காய்கிற நிலம்தான்.

பாரசீகத்துக் கல் எங்கள் கரைக்கு வந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 1344இல் மாலைதீவிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதாவின் கப்பலைக் காற்று இலங்கைப் பக்கம் தள்ளியது. அவர் இறங்கிய பத்தாலா என்ற ஊரைப் புத்தளம் என்றே அறிஞர்கள் பெரும்பாலும் கொள்கிறார்கள். ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த கறுவா மரங்கள் கரையில் மலையாகக் குவிந்து கிடந்ததை எழுதியிருக்கிறார். அங்கே அவரை வரவேற்ற ஆரியச் சக்கரவர்த்திக்குப் பாரசீக மொழி விளங்கும். முத்துக் குளிப்பில் எடுத்த முத்துகளை அரசன் காட்டினான். உள்ளங்கை அளவான மாணிக்கக் கிண்ணத்தில் அகில் எண்ணெய் வைத்திருந்தான். பாரசீகம் தெரிந்த அரசன் புத்தளத்தில் இருந்தான் என்றால், பாரசீக வியாபாரியும் இங்கே வந்து போயிருப்பான். அவன் மடியில் என்ன கல் இருந்தது என்று இப்னு பதூதா எழுதவில்லை. நானும் கற்பனை பண்ணப் போவதில்லை. என் கண்ணால் கண்ட காலத்தைச் சொல்கிறேன்.

நான் கற்பிட்டியில் பிறந்தவன். சின்ன வயதில் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் பெரியவர்களுக்குக் கை கொடுத்து முஸாபஹா செய்தால் கையில் வெள்ளி உறுத்தும். பாதிப் பேரின் விரலில் அகீக் கல், மீதிப் பேரில் பலருக்குப் பைரூஸ். தங்கம் ஆண்களுக்கு விலக்கப்பட்டது. நபிகள் நாயகம் வெள்ளி மோதிரம் அணிந்தார்கள். கடிதங்களுக்கு முத்திரை வைக்கவும் அது பயன்பட்டது. அவர்களுக்குப் பிறகு கலீபாக்களின் விரலுக்கு வந்து, உஸ்மான் அவர்களின் காலத்தில் அரீஸ் கிணற்றில் விழுந்து, தேடியும் கிடைக்காமல் போனது. இந்தக் கதையை மதரஸாவில் கேட்டுவிட்டு நாங்கள் ஊர்க் கிணறுகளை எட்டிப் பார்த்திருக்கிறோம். மோதிரம் ஒரு மித்கால் நிறையை எட்டக் கூடாது என்பது பெரியவர்கள் பேணிய கணக்கு. மித்கால் என்பது நாலேகால் கிராம் அளவு. ஆகவே அந்தக் காலத்து மோதிரங்கள் பருமன் இல்லாதவை. வலது கைச் சுண்டுவிரலில் அடக்கமாக இருக்கும்.

என் மூத்தவாப்பா கருவாட்டு வியாபாரி. ஐம்பதுகளில் கப்பலில் ஹஜ்ஜுக்குப் போனார். மோதிரமாக வாங்காமல் கல்லாக வாங்கி வந்தார். ஈரான் ஹாஜிமார் மக்காவில் துணியை விரித்துக் கல் விற்பார்களாம். ஹஜ்ஜுச் செலவையும் ஒப்பேற்றிக்கொண்டு, வாங்குகிறவரின் ஆசையையும் தீர்த்து வைக்கிற வியாபாரம். மோதிரத்தோடு வாங்கினால் விலை கூட. கல்லை மட்டும் வாங்கினால் ஊரில் பத்தர் இருக்கிறார்.

அந்தப் பத்தர் சிலாபம் பக்கத்திலிருந்து வந்து கற்பிட்டியில் பட்டறை போட்ட இந்து. முஸ்லிம் ஆண்களின் வெள்ளி மோதிரம், கத்தோலிக்கப் பெண்களின் சிலுவைப் பதக்கம், உடப்பிலிருந்து வருகிறவர்களின் தாலிக்கொடி எல்லாம் ஒரே குறட்டின் வாயில் போய் வந்தன. எங்கள் வீட்டில் அவரைப் பத்தரையா என்போம். அவர் மூத்தவாப்பாவை நானா என்பார்.

வெள்ளிக்கு அவர் கடைக்குப் போகவில்லை. பிரித்தானிய இந்தியாவின் பழைய வெள்ளி ரூபா ஒன்றை மூத்தவாப்பாவே கொடுத்தார். அந்த ரூபா ஒரு காலத்தில் இலங்கையிலும் செல்லுபடியான காசு. 11.66 கிராம் நிறை, நூற்றில் 91.7 பங்கு வெள்ளி, மற்றது செம்பு. இன்றைக்கு உலகம் முழுக்க ஸ்டெர்லிங் என்று விற்கிற வெள்ளியில் 92.5 பங்கு வெள்ளி. இரண்டுக்கும் இடையில் ஒரு பங்குகூட வித்தியாசம் இல்லை. சுத்த வெள்ளி மிருது. நாளாந்தம் வேலை செய்கிற கையில் அது நெளிந்து போகும். செம்பு சேர்ந்தால்தான் கல்லைப் பிடித்து நிற்கும். அரசாங்கமே அளந்து செம்பு சேர்த்துக் கொடுத்த வெள்ளி பத்தருக்குக் காசாகக் கிடைத்தது. ஒரு ரூபாவை உருக்கினால் மித்காலுக்கு உட்பட்ட மோதிரம் இரண்டு வரும். மிஞ்சியதில் கைக்குழந்தைக்குக் காதுவளையம்.

மூத்தவாப்பா பைரூஸ் கட்டக் கொடுத்த நாள் நான் பிறக்குமுன். ஆனால் பின்னாளில் அதே பத்தர் அதே வேலையை மற்றவர்களுக்குச் செய்ததைப் பட்டறை வாசலில் குந்தியிருந்து பார்த்திருக்கிறேன். காசைத் துண்டு போட்டு மூசையில் இடுவார். வெண்காரம் தூவுவார். கரி நெருப்பில் வெள்ளி உருகி முகம் காட்டும்போது அச்சில் ஊற்றுவார். பிறகு அடி. அடிக்க அடிக்க வெள்ளி இறுகும். இறுகினதை இன்னும் அடித்தால் வெடிக்கும். ஆகவே நெருப்பில் காய்ச்சி இளக்கி, ஆறவிட்டு, மறுபடி அடி. விரலின் சுற்றளவை நூலால் எடுத்திருப்பார். வளையத்தின் இரண்டு முனையையும் சேர்த்துப் பொடி வைத்து, ஊதுகுழலால் சுடரை வளைத்து அந்த ஓரிடத்தில் மட்டும் பிடிப்பார். கன்னம் உப்பியிருக்கும், மூச்சு மூக்கால் போய் வரும், சுடர் மட்டும் அசையாது.

கல்லுக்கு மெல்லிய தகட்டில் கூடு. ஆயத்தமாக வாங்கிய கூட்டில் கல்லைத் திணிக்கிற வழக்கம் அப்போது இல்லை. கல்லைத் தகட்டால் சுற்றி, அதன் கோணலுக்கு ஏற்பத் தகட்டையும் கோணலாக்கி, அந்தக் கல்லுக்கு மட்டுமே பொருந்துகிற கூடாக ஆக்குவார். பைரூஸைப் பட்டை தீட்டுவதில்லை. ஒளி உள்ளே புகாத கல். கவிந்த முதுகாக வழவழப்பாக்கி விடுவதுதான் அதற்கு அழகு.

"கல்லுக்கு நெருப்புக் காட்டக் கூடாது தம்பி. மோதிரம் முழுசா முடிஞ்ச பிறகுதான் கல்லு உக்காரும்" என்பார். அவர் இரசாயனம் படித்தவரல்ல. பைரூஸின் உடம்பில் நீர் இருக்கிறது. சூடு பட்டால் அது வெளியேறும், நீலம் செத்துக் கல் மண்ணிறமாகும். ஆகவே பொடி வைக்கிற வேலை, அரம் போடுகிற வேலை எல்லாம் முடித்து, புளியிலும் பூந்திக்கொட்டைத் தண்ணீரிலும் தேய்த்து வெள்ளியைத் துலக்கிய பிறகே கூட்டின் அடியில் அரக்கு இட்டுக் கல்லை வைப்பார். வழுவழுப்பான இரும்பு முனையால் கூட்டின் விளிம்பைக் கல்மேல் சாய்த்து, மெல்ல மெல்லச் சுற்றி வருவார். கண்ணுக்குத் தெரிகிற வேலையில் இதுதான் கடைசி. இதில் கை நடுங்கினால் கல் தெறிக்கும். கண்ணாடியைவிடச் சற்றே மெத்து, சற்றே வன்மை என்கிற அளவில்தான் இந்தக் கல்லின் கடினம்.

அந்த மோதிரத்தை நான் அறிந்தபோது கல் பச்சை. மக்காவில் வாங்கியபோது வானத்து நீலமாக இருந்ததாம். பைரூஸுக்குக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. எண்ணெய், வேர்வை, சவர்க்காரம், அத்தர் எல்லாம் அதற்குள் இறங்கும். மூத்தவாப்பாவின் கையோ உப்பிலும் கருவாட்டிலும் கிடந்த கை. வெள்ளிக்கிழமைகளில் அத்தர். தலைக்குத் தேங்காயெண்ணெய். ஐந்து நேரமும் உளூ. உளூச் செய்யும்போது மோதிரத்தின் கீழும் தண்ணீர் போக வேண்டும் என்பதற்காக அதைத் திருகித் திருகி அசைப்பார். ஒரு நாளுக்கு ஐந்து முறை நனைந்து ஐந்து முறை காய்ந்த கல் அது. நீலம் பச்சைக்குத் திரும்பியதில் என்ன அதிசயம்?

கல் நிறம் மாறினால் போட்டிருப்பவருக்கு நோயோ ஆபத்தோ வரப்போகிறது என்ற நம்பிக்கை பாரசீகத்திலும் ஐரோப்பாவிலும் பழையது. எங்கள் ஊரிலும் சிலர் அப்படிச் சொன்னார்கள். மூத்தவாப்பா அதை ஏற்கவில்லை. "என்ட வேர்வைய குடிச்ச கல்லு இது. நோவு வந்தா நான் டொக்டர்ட்ட போவன்" என்றார். எனக்கு அந்தப் பேச்சு இன்றும் பிடிக்கும். மாறிய கல்லை அவர் பிழையாகவும் பார்க்கவில்லை, மாயமாகவும் பார்க்கவில்லை. தன் உழைப்பின் தடயமாகப் பார்த்தார். களப்புச் சேற்றில் இறங்கி வந்த நாள்களில் வெள்ளியும் கறுக்கும். சேற்றிலிருந்து கிளம்புகிற அழுகிய முட்டை நாற்றத்திலுள்ள கந்தகம் வெள்ளியைப் பிடித்துவிடும். வீட்டுக்கு வந்து சாம்பலைத் துணியில் தொட்டுத் துடைப்பார். கல்லில் சாம்பல் படாமல் துடைக்க அவருக்குத் தெரியும்.

அவர் மௌத்தானபோது மோதிரத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழற்றி வாப்பாவிடம் கொடுத்தார்கள். வாப்பாவிடமிருந்து எனக்கு வந்தது.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். பணமும் நகையும் பறிபோயின. மன்னார்த் தீவில் எருக்கலம்பிட்டியிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் வந்தவர்கள் வள்ளங்களில் ஏறிக் கடல் வழியாகக் கற்பிட்டிக் கரைக்கு வந்தார்கள். ஆலங்குடா, நுரைச்சோலை, தில்லையடி என்று தென்னந்தோட்டமெல்லாம் கிடுகுக் கொட்டில் எழுந்தது. எங்கள் வளவிலும் குடும்பங்கள் இருந்தன.

அவற்றில் ஒரு குடும்பத்தின் பெரியவரை நாங்கள் காக்கா என்று கூப்பிட்டோம். மன்னார்ப் பக்கத்து முறை அது. மகளின் கலியாணத்துக்கென்று சேர்த்த நகை முழுக்கப் போய்விட்டது. அவருடைய விரலில் ஒரு வெள்ளி மோதிரம் மட்டும் இருந்தது, பைரூஸ் பதித்தது. மூத்தவாப்பாவின் கல்லைவிட ஆழ்ந்த பச்சை, குறுக்கே தவிட்டு நிறத்தில் ஒரு நரம்பு. எப்படித் தப்பியது என்று வாப்பா கேட்டார். "வெள்ளிதானேண்டு விட்டுட்டாங்க தம்பி" என்றார் காக்கா.

அடுத்த வருஷங்களில் ஒரு தடவை, பிள்ளையின் வைத்தியச் செலவுக்கு அதைக் கழற்றிக்கொண்டு புத்தளம் டவுனுக்குப் போனார். ஈட்டுக் கடைகளில் தங்கம்தான் பிடிப்பார்கள். வெள்ளியைத் தட்டில் வைத்துப் பார்க்கக்கூட யாரும் இல்லை. திரும்பி வந்து விரலில் போட்டுக்கொண்டார். விலை இல்லாதது என்பதால் அந்த மோதிரம் இரண்டு முறை பிழைத்தது. எங்கள் கரையில் அப்படிப் பிழைத்த வெள்ளி மோதிரங்கள் எத்தனையோ வீடுகளில் இருந்திருக்கும். தங்கம் போன வீட்டில், வந்த ஊரின் ஒரே பொருளாக ஒரு கறுத்த வெள்ளி மோதிரம் பெட்டிக்குள் கிடக்கும். பிள்ளைகளுக்கு ஊரைக் காட்ட அதை எடுத்துக் காட்டுவார்கள்.

1990களின் முதற் பாதியில் உலகச் சந்தையில் ஒரு அவுன்ஸ் வெள்ளி நாலு, ஐந்து டொலரில் கிடந்தது. 2025 ஒக்டோபரில் 50 டொலரைத் தாண்டியது. இடையில் 2022இன் பொருளாதார நெருக்கடி நம் நாட்டில் எத்தனை பெட்டிகளைத் திறக்க வைத்தது என்பதை எல்லாரும் அறிவோம். முதலில் தங்கம் போனது. பிறகு பழைய வெள்ளியை நிறுத்து வாங்குகிறவர்கள் வந்தார்கள். காக்கா மௌத்தாகி அவருடைய பேரன்மார் காலத்தில் அந்த மோதிரமும் நிறைக்குப் போனது. வாங்கியவர் முதலில் செய்த வேலை கல்லைக் கிளப்பி எறிந்தது. கல்லின் பாரம் வெள்ளிக் கணக்கில் சேரக் கூடாதல்லவா. நாலு கிராம் வெள்ளிக்கு, அவுன்ஸ் 50 டொலர் என்றே வைத்தாலும், இரண்டாயிரம் ரூபா வராது. துப்பாக்கிக்கும் பசிக்கும் தப்பிய பொருள், வெள்ளிக்கு விலை வந்ததும் போய்விட்டது. விற்ற பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. அவர்களிடம் அது என்ன என்று உட்கார்ந்து சொன்னவர் யாரும் இல்லை. எங்கள் வளவிலேயே இருந்து பார்த்த என் தலைமுறைதான் சொல்லியிருக்க வேண்டும்.

இன்றைய சந்தையில் என்ன நடக்கிறது என்பதை மூத்தவாப்பாவின் மோதிரமே எனக்குக் காட்டித் தந்தது. என் விரலுக்கு அது சற்று இறுக்கம். கூட்டித் தரச் சொல்லி ஒரு நகைக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைப் பையன் பூதக்கண்ணாடியில் உள்வளையத்தைப் பார்த்தான். 925 என்ற முத்திரையைத் தேடினான், இல்லை. "இது வெள்ளி இல்ல நானா. கல்லும் டூப்ளிகேட்டு, கலர் மாறிப் போயிரிக்கி" என்றான். பிறகு தன் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தான். 925 பளிச்சென்று தெரிந்தது. கல் ஒரே நீலம். புள்ளி இல்லை, நரம்பு இல்லை. அந்தத் தட்டில் இருந்த பத்துப் பதினைந்து மோதிரத்திலும் கல் அச்சு அசலாக அதே நீலம். அத்தனை கல்லும் ஒரே நிறமாக எந்தச் சுரங்கத்திலும் விளையாது.

விஷயம் இதுதான். ஹவ்லைட், மக்னசைட் என்று வெள்ளைக் கற்கள் இருக்கின்றன. மலிவானவை, துளையுள்ளவை, நீலச் சாயத்தை நன்றாகக் குடிக்கும். உண்மையான பைரூஸின் தூளையும் உடைசலையும் பிசினில் பிசைந்து கட்டியாக்கி அறுப்பதும் உண்டு. மெத்தென்று பொடிகிற தரத்துப் பைரூஸுக்குள் பிசினை ஏற்றி இறுக்குவதும் உண்டு; அதைச் சொல்லி விற்றால் பிழையில்லை, சந்தையில் கிடைக்கிற பைரூஸில் பெரும் பங்கு அப்படிப்பட்டதுதான். போலி செய்வது புது வித்தையும் அல்ல. பண்டைய எகிப்தியர் சினாயில் பைரூஸ் வெட்டிக்கொண்டே, அதன் நிறத்தில் மெருகிட்ட மணிகளைச் சூளையில் சுட்டும் செய்தார்கள். பிசின் ஏறிய கல்லும் பிசினாலேயே ஆன கட்டியும் வேர்வையைக் குடிக்காது. வாங்கிய நாளின் நிறம் அப்படியே நிற்கும். எதுவும் ஏற்றாத இயற்கைக் கல் மாறும். மாறுவதால் போலி என்று சந்தேகத்துக்கு ஆளாகும். மூத்தவாப்பாவின் காலத்தில் கல் மாறுவது அதன் குணம். இப்போது அது குற்றம்.

வெள்ளிக்கும் அதே கதி. 925 என்று இலக்கம் பொறிக்க ஒரு உளியும் ஒரு தட்டும் போதும். செம்பின்மேல் வெள்ளி முலாம் பூசிய வளையத்திலும் அதைப் பொறிக்கலாம், பொறிக்கிறார்கள். அரசாங்கக் காசை உருக்கிச் செய்த மோதிரத்தில் இலக்கம் கிடையாது. கடையிலிருந்து திரும்பி, கையால் வேலை செய்கிற ஒரு வயதான பத்தரிடம் கொண்டுபோனேன். அவர் உரைகல்லில் ஒரு கீற்று இழுத்தார், ஒரு சொட்டு மருந்து விட்டார். "ரூவாக் காசு வெள்ளி" என்றார். முத்திரை கேட்கவில்லை.

அரிசோனா, நியூ மெக்சிகோப் பக்கத்தில் வாழும் நவஹோ மக்களின் கதையை அறிந்தபோது எனக்கு நம் ஊரே நினைவுக்கு வந்தது. அவர்களை 1864இல் அமெரிக்கப் படை சொந்த நிலத்திலிருந்து கால்நடையாக விரட்டிக் கொண்டுபோய் பொஸ்கே ரெடொண்டோவில் அடைத்தது. 1868இல்தான் திரும்ப விட்டார்கள். மெக்சிகோப் பத்தர்களிடம் அவர்கள் கற்ற வெள்ளி வேலை, ஊர் திரும்பிய பிறகு தழைத்தது. வெள்ளி எங்கே கிடைத்தது? அமெரிக்க டொலர் காசையும் மெக்சிகோவின் பேசோக் காசையும் உருக்கினார்கள். கல் அவர்கள் மண்ணின் பைரூஸ். கஷ்ட காலத்தில் வெள்ளியை வியாபாரிகளிடம் ஈடு வைத்தார்கள். ஆனால் அங்கே ஈட்டுக்கு வெள்ளி எடுபட்டது. அவர்களுடைய வேலையைப் போலி செய்து விற்பது பெருகியபோது, பழங்குடியினர் செய்ததென்று பொய் சொல்லி விற்பதைக் குற்றமாக்கி அமெரிக்கா ஒரு கடும் சட்டம் கொண்டுவந்தது. அது 1990 நவம்பரில் கையெழுத்தானது. மன்னார் மக்கள் கற்பிட்டி மணலில் கிடுகு கட்டிக்கொண்டிருந்த அதே மாதம்.

இப்போது கண்டக்குழிக் கடற்கரையில் காற்றுப் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வெளிநாட்டார் வருகிறார்கள். போன பருவத்தில் ஒரு பெண்மணியின் விரலில் அசலான பைரூஸ் மோதிரம் கண்டேன். கனத்த வெள்ளி, தவிட்டு நரம்போடிய கல். கேட்டேன். செய்தவரின் பெயர், அவருடைய குலம், கல் எடுத்த சுரங்கம் எல்லாம் எழுதிய அட்டையோடு வாங்கினாராம். அரிசோனாவில் ஸ்லீப்பிங் பியூட்டி சுரங்கத்தில் பைரூஸ் எடுப்பது 2012இல் நின்றதையும், அதன்பின் அந்தக் கல்லின் விலை ஏறியதையும் அவரே சொன்னார். என் விரலிலிருந்ததைப் பார்த்து, யார் செய்தது என்று கேட்டார். எனக்குப் பத்தரையாவின் பெயர் தெரிந்திருந்தது, சொன்னேன். ஆனால் மோதிரத்தில் அந்தப் பெயர் எங்கும் இல்லை. நான் மறந்தால் அது போய்விடும்.

கையால் செய்ததற்கும் அச்சில் வார்த்ததற்கும் விலை வித்தியாசம் உலகம் முழுக்க இருக்கிறது. நம் ஊரில் மட்டும் கையால் செய்ததுதான் மலிவு, அதுவும் நிறைக்கு. அச்சில் வார்த்து மெருகேற்றி மினுங்குகிற மோதிரத்துக்கு ஐயாயிரம் கொடுக்கிற இளைஞன், வீட்டிலிருக்கிற பழைய மோதிரத்தை ஆயிரத்துக்குப் போட்டுவிட்டு வருகிறான். ஹஜ்ஜுக்கு, உம்ராவுக்குப் போகிறவர்களும் இப்போது ஒரே நிற மோதிரங்களை டசின் கணக்கில் வாங்கி வந்து பங்கிடுகிறார்கள். வாங்குகிறவரின் அன்பில் குறை இல்லை. ஆனால் அவற்றில் ஒன்றுகூடப் பேரனின் விரலுக்கு வரப்போவதில்லை என்பது எனக்கு நிச்சயம். முலாம் போனதும் குப்பைக்குத்தான் போகும்.

ஆகவே கற்பிட்டியிலும் புத்தளத்திலும், எருக்கலம்பிட்டியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் முசலியிலிருந்தும் வந்து இங்கே வேரூன்றிய வீடுகளிலும் இருக்கிற பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்கிறேன். பெட்டிக்குள் கறுத்த வெள்ளி மோதிரம் இருந்தால் வெளியே எடுங்கள். 925 இல்லை என்பதற்காக எறிய வேண்டாம். உரைகல் தெரிந்தவரிடம் காட்டுங்கள். கல் பச்சையாக இருந்தால் அதைப் பழுதென்று எண்ண வேண்டாம். பிளாஸ்டிக்கா என்று பார்க்கச் சூடேற்றிய ஊசியைக் குத்தச் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்; அசல் கல்லையும் அந்த ஊசி கெடுக்கும். சந்தேகம் தீரவில்லை என்றால் கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபை கல்லைச் சோதித்துச் சொல்கிறது. குளிக்கும்போதும் அத்தர் பூசும்போதும் கழற்றி வையுங்கள். புளி, எலுமிச்சை, கடையில் விற்கிற வெள்ளி துலக்கும் மருந்து எதையும் கல்லில் படவிட வேண்டாம். ஈரம் இல்லாத மெல்லிய துணி போதும். யாருடைய மோதிரம், எந்த ஊரில் யார் செய்தது என்று வீட்டில் உயிரோடிருக்கிற மூத்தவரிடம் இன்றைக்கே கேட்டு ஒரு தாளில் எழுதி மோதிரத்தோடு வையுங்கள். கூட்டவோ குறைக்கவோ வேண்டுமானால் கையால் வேலை செய்கிற பத்தரிடமே கொண்டுபோங்கள். நெருப்புக் காட்டுமுன் கல்லைக் கழற்றச் சொல்லுங்கள், கழற்றிய கல்லை அவர் திரும்ப வைக்கும்வரை பக்கத்திலேயே இருங்கள்.